ஓட்டுக்குள் இரண்டு பருப்பு

இன்று கல்லறைத் திருநாள். கல்லறைத் தோட்டத்து வாசலில் சாமந்தி, மெழுகுவர்த்தி, ஊதுவத்தி எல்லாம் வழக்கம்போல இருந்தன. அவற்றையெல்லாம் அமுக்கிக்கொண்டு, உப்புப் போட்டு அவித்த வேர்க்கடலை, நம் பக்கத்து மல்லாட்டை, வாசனை வந்தது. என் கால் அங்கேயே நின்றுவிட்டது. "இன்னாப்பா, மூச்சு வாங்குதா?" என்று நம் மகள் கையைப் பிடித்தாள். மூச்சுக்கு ஒரு கேடும் இல்லை. நீ இருந்தபோது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று நெஞ்சில் வந்து நின்றது, அவ்வளவுதான். ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும், அறுபதுகளின் தொடக்கம். வீடு விழுப்புரத்தில், என் பள்ளிக்கூடம் திண்டிவனத்தில். காலைப் பாசஞ்சரில் போய்ச் சாயங்காலப் பாசஞ்சரில் திரும்புவேன். நான் படித்தது தாவரவியல். வேதியியல் ஆசிரியர் மாற்றலாகிப் போனதும், "நீரும் சயின்ஸ்தானேய்யா" என்று தலைமையாசிரியர் பதினோராம் வகுப்பு வேதியியலை என் தலையில் கட்டிவிட்டார். இலையும் வேரும் என்றால் நாள் முழுக்கப் பேசுவேன். சமன்பாடு என்றால் புத்தகத்தில் இருப்பதை அப்படியே கரும்பலகையில் எழுதிவிட்டு, எந்தப் பையனும் "ஏன் சார்?" என்று கேட்டுவிடக் கூடாதே என்று மாதாவை வேண்டிக்கொள்வேன். நீயோ இண்டர்மீடியட்டில் வேதியியலில் முதலாவதாக வந்தவள். முகையூரில் பெண் பார்க்க வந்த அன்று உன் அப்பா அதை மூன்று தடவை சொன்னார். கல்யாணம் ஆனதும் அது எனக்கு மறந்தே போயிற்று.

ஒரு நாள் வகுப்புக்குப் புத்தகத்தை எடுத்துப் போக மறந்துவிட்டேன். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராகும் சமன்பாட்டை நினைவிலிருந்து எழுதினேன். H₂ + O₂ → H₂O. இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. மணியடிக்கிற நேரம். சட்டென்று O-வுக்கு அடியில் ஒரு சின்ன 2 போட்டு, H₂O₂ ஆக்கி, "சரியாப் போச்சு" என்று கையைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரம் திருத்துவதற்காக நோட்டுகளை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். நீ அரிசி களைந்த ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஒரு நோட்டைப் புரட்டினாய். அப்புறம் இன்னொன்று. எல்லாவற்றிலும் அதே தப்பு, எல்லாவற்றிலும் என் சிவப்பு மை 'சரி'.

"இன்னாங்க, இதைப் போர்டுல எழுதினது யாரு?"

"நான்தான். ஏன்?"

"இது தண்ணி இல்லீங்க. ஆஸ்பத்திரியில காதுல ஊத்துவாங்களே, நுரைச்சிக்கினு வருமே, அந்த மருந்து. பசங்க தாகத்துக்கு இதைக் குடிச்சா இன்னா ஆவறது?"

சொல்லிவிட்டு நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பில் கேலிதான் இருந்தது, ஏளனம் இல்லை. ஆனால் எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "நீ அடுப்பைப் பாரு" என்றேன். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், பதினைந்து நாளில் இன்ஸ்பெக்‌ஷன், கல்வி அதிகாரி என் வகுப்பில்தான் உட்காரப் போகிறார் என்று தலைமையாசிரியர் சொன்னார். கோபமெல்லாம் இறங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் செய்வதைச் செய்தேன். திண்டிவனம் கடைத்தெருவில் இரண்டு படி மல்லாட்டை வாங்கிக்கொண்டு ரயிலேறினேன்.

நீ அதைக் கூடத்தில் கொட்டினாய். அவிக்கப் போகிறாய் என்று நினைத்தேன். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த புளியங்கொட்டை டப்பாவை எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தாய்.

"இதோ பாருங்க, ஓடு ஒண்ணு, உள்ள பருப்பு ரெண்டு. இதான் ஆக்சிஜன். எப்பவும் ஜோடியாத்தான் வரும். புளியங்கொட்டை ஹைட்ரஜன். ஒரு தண்ணிக்கு ஒரு பருப்பு, ரெண்டு கொட்டை. இப்ப ஒரு ஓட்டை உடைச்சா எத்தனை தண்ணி ஆவும்?"

"இரண்டு."

"அப்ப தண்ணிக்கு முன்னால ரெண்டு போடுங்க. கொட்டை நாலு வேணுமா, ஹைட்ரஜனுக்கு முன்னாலயும் ரெண்டு போடுங்க. அடியில இருக்கிற எண்ணுல மட்டும் கை வெக்காதீங்க. அதை மாத்தினா பொருளே மாறிடும்."

2H₂ + O₂ → 2H₂O. கல்லூரியில் எனக்குப் புரியாதது, புளியங்கொட்டையில் ஐந்து நிமிடத்தில் புரிந்தது.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் வகுப்புதான். ஒவ்வொரு வகை வினைக்கும் நீ ஒரு வழி வைத்திருந்தாய். எரிகிற வினையா, கார்பனை முதலில் சரிபார், பிறகு ஹைட்ரஜன், தனியாக நிற்கும் ஆக்சிஜனைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு சேர்மங்கள் ஜோடி மாற்றிக்கொள்ளும் வினையில் சல்பேட்டைக் கந்தகம் வேறு, ஆக்சிஜன் வேறு என்று நான் பிரித்தபோது என் கையைத் தட்டிவிட்டாய். "குடும்பத்தோட வந்திருக்காங்க, குடும்பத்தோட போவட்டும். எதுக்குப் பிரிக்கிறீங்க?" பொட்டாசியம் குளோரேட்டைச் சூடாக்கி ஆக்சிஜன் எடுப்பதில்தான் நான் திணறினேன். உள்ளே ஆக்சிஜன் மும்மூன்றாக இருக்கிறது, வெளியே இரண்டிரண்டாகப் போக வேண்டும். "மூணுக்கும் ரெண்டுக்கும் பொதுவா இன்னா? ஆறு. அதைப் புடிச்சிக்கோங்க" என்றாய். 2KClO₃ → 2KCl + 3O₂. இரண்டு தடவை வைத்தும் கடைசியில் ஒரு பருப்பு குறைந்தது. நீ என் வாயைப் பார்த்தாய்.

"அணுவை அழிக்க முடியாதுன்னு காலையில பாடம் நடத்திட்டு வந்து, சாயங்காலம் தின்னுக்கினு இருக்கீங்களே!"

இன்ஸ்பெக்‌ஷன் அன்று ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒரு கை மல்லாட்டை, ஒரு கை புளியங்கொட்டை கொடுத்தேன். மூன்றாவது சமன்பாடு முடிவதற்குள் கடைசிப் பெஞ்சில் ஆக்சிஜனே இல்லை. ஆனால் பையன்கள் எழுதியதெல்லாம் சரி. அதிகாரி எழுந்து வந்து, "பிரமாதம். இந்த முறையை எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். தலைமையாசிரியர் பக்கத்தில் நிற்கிறார், வகுப்பு முழுக்கப் பார்க்கிறது. பெண்டாட்டி சொல்லிக் கொடுத்தாள் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

"நானே யோசிச்சது சார்" என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு 'மல்லாட்டை சார்' என்று பெயர். அடுத்த மாதம் தலைமையாசிரியர் நம் வீட்டுக்கு வந்தார். "உங்க வீட்டுக்காரர் மூளையே மூளைம்மா, மல்லாட்டையில கெமிஸ்ட்ரியைக் கண்டுபிடிச்சிட்டாரு" என்றார். எனக்குக் கூடத்தில் உட்கார முடியவில்லை. நீ காப்பித் தம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு, "ஆமாங்க, அவருக்கு மல்லாட்டைன்னா உசுரு" என்றாய். குரலில் ஒரு சிறு கீறல்கூட இல்லை.

அவர் போனதும் நீ கத்துவாய் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். பல வருடம் கழித்து நம் மகளுக்குச் சமன்பாடு சொல்லிக் கொடுக்க நான் மல்லாட்டையோடு உட்கார்ந்தபோது, "அப்பா கண்டுபிடிச்சது, கவனமாக் கேளு" என்று அவளிடம் சொல்லிவிட்டு முறத்தோடு உள்ளே போனாய். குத்திக்காட்டினாயா, நிஜமாகவே விட்டுக்கொடுத்துவிட்டாயா, எனக்கு இன்றுவரை தெரியாது. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். குனிந்து ஓட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். நீ போனதற்குப் பிறகு என்னை உறுத்துவது அந்த அதிகாரியிடம் சொன்ன பொய்கூட இல்லை, மகள் எதிரில் நான் பேசாமல் இருந்ததுதான்.

இன்று உன் கல்லறைக்கு முன்னால் நிற்கும்போது, "சார்!" என்று ஒருவர் கும்பிட்டார். நரைத்த தலை, பக்கத்தில் பேரன். தேவராசு. அன்றைய கடைசிப் பெஞ்சுக்காரன். தானும் வாத்தியாராகி ஓய்வு பெற்றுவிட்டானாம்.

"முப்பது வருசம் உங்க மல்லாட்டைக் கணக்கைத்தான் சொல்லிக் குடுத்தேன் சார். ஒவ்வொரு வருசமும் உங்க பேரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன்."

முப்பது வருடம். "தேவராசு, அது என்னுது இல்லப்பா" என்றேன். உன் கல்லைக் காட்டினேன். "இவங்களுது. எனக்கே இவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. நான் வெட்கப்பட்டுக்கினு சொல்லாம வுட்டுட்டேன்."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா எங்கிட்ட நீதான் கண்டுபிடிச்சேன்னு சொன்னாங்களேப்பா?"

"ஆமாம்மா. உங்கம்மா அப்படித்தான் சொன்னா. நான் கேட்டுக்கினு இருந்தேன்."

அவள் முந்தானையால் உன் பெயரின் மேல் இருந்த தூசியைத் துடைத்தாள். தேவராசு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, கல்லில் இருந்த உன் பெயரைத் தன் பேரனுக்கு எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினான். அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டு எத்தனை நாளாயிற்று! அழுதுவிட்டேன்.

சொல்லிவிட்டதால் வெட்கம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அது என்னோடுதான் இருக்கிறது, இருக்கட்டும். பொட்டலத்தை உன் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இந்தத் தடவை ஒன்றுகூடத் தின்னவில்லை. எண்ணிப் பார்த்துக்கொள்.