திமிங்கலப் பல்லில் கோழியோடு ஒரு சிறுமி

ஜனவரி 9, 1996. ஓர்த்தா தீவுத் துறைமுகம்.

காலையிலிருந்து மழை. எதிர்த் தீவின் மலை தெரியவே இல்லை. பட்டறையில் விற்பனைக்கான எதையும் இன்று தொடவில்லை. தம்பி நோர்பெர்த்தோ ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவுக்குத் திரும்புகிறான். அதற்குள், மறைந்த அப்பா படம் கீறிவைத்த திமிங்கலப் பல்லுக்கு ஒரு நகல் வேண்டுமாம்.

"அங்க குளிர்ல தனியா கெடக்கறப்ப, அப்பா பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கும்க்கா."

சரிடா என்று அலமாரியிலிருந்து பல்லை எடுத்து வந்தேன்.

அப்பா திமிங்கல வேட்டைப் படகில் துடுப்புப் போட்டவர். கடல் சும்மா கிடந்த நாட்களில் கரையில் உட்கார்ந்து பல்லில் ஊசியால் கீறுவார். பழைய மாலுமிகளைப் போலவே படத்தைப் பல்லின்மேல் ஒட்டி, கோடு நெடுகப் புள்ளி குத்தி, புள்ளிகளைச் சேர்த்து, விளக்குக் கரியைத் தேய்ப்பார். அவரிடம் கற்றதுதான் என் பிழைப்பு. எங்கள் வீட்டுப் பல்லில் ஒரு பக்கம் படகு. மறுபக்கத்துக்கு எந்தப் படத்தையும் ஒட்டவில்லை. என்னை எதிரே நிற்கவைத்துக் கீறினார். ஐந்து வயது, கையில் திமிறும் கோழி.

ஜனவரி 13

முடிந்தது. அச்செடுத்து ரெசின் பிளாஸ்டிக்கில் வார்த்தேன். கோழியின் காலடியில் ஒரு காற்றுக்குமிழி விழுந்துவிட்டது. மெழுகால் அடைத்துக் கரி பூசினேன். தேயிலைச் சாயத்தில் ஊறியதும் அப்பா பல்லின் அதே மஞ்சள்! எடைக்கு உள்ளே ஈயம்கூட வைத்தேன், அவன் கேட்டதால்.

அடியில் வழக்கம்போல் 'தெயோலிந்தா' என்று கீறப்போனேன். கையைப் பிடித்துக்கொண்டான்.

"உன் பேரு வேணாம்க்கா. அப்பா செஞ்சதுன்னே நெனச்சுக்கறேனே."

சரி என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 14

விமான நிலையத்தில் அழுதான். நானும்.

மார்ச் 20

பாய்மரப் படகுக்காரர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். விற்பனை பரவாயில்லை. முதுகுவலி.

மே 25

நாளை பரிசுத்த ஆவித் திருநாள். வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அலமாரியிலிருந்த பல்லை எப்போதும் உலர்ந்த துணியால்தான் துடைப்பேன்; திருநாளுக்காக இன்று சுடுநீரில் நனைத்த துணியால் துடைத்தேன். கோழியின் காலடியிலிருந்து கறுப்பாக ஏதோ பெயர்ந்து துணியில் ஒட்டிக்கொண்டது. மெழுகு.

அந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை. என் குமிழி.

நம்பமுடியாமல் ஊசியைச் சுடவைத்து அடியில் வைத்தேன். உண்மைப் பல் என்றால் ஊசி இறங்காது. இறங்கியது. பிளாஸ்டிக் நாற்றம்.

சமையலறையில் அம்மா திருநாள் சூப்புக்கு இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா பல்லு எங்க?"

"கையில வச்சுக்கிட்டே எங்கங்கற."

"இது நான் செஞ்சது."

கத்தி நின்றது. பிறகு மறுபடி வெட்ட ஆரம்பித்தாள். "நோர்பெர்த்தோ கேட்டான். குடுத்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா குடுக்க விட்டிருப்பியா?"

"அதுல இருக்கறது நான்மா!"

"உனக்கென்னடி, நெனச்சா இன்னொன்னு செஞ்சுக்குவ. அவன் அந்நிய ஊர்ல கஷ்டப்படறான்."

அவளுக்குத் தெரியும். இத்தனை நாளும் தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அதைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்திருக்கிறாள்.

தம்பி ஏமாற்றினான், சரி. இவள்? இவள் எப்படி?

மே 26

ஊர்வலத்துக்குப் போகவில்லை. அவனுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் நான் கத்தியிருக்க வேண்டும், சரியாக நினைவில்லை.

"அக்கா, கத்தாத. கேளு. எங்க முதலாளிக்குப் பழசுன்னா உயிரு. குடுத்தேன், அடுத்த மாசமே என்னைய மேஸ்திரியாக்கிட்டாரு. ஒரு பல்லுதானே?"

"அப்ப நீ அப்பாவுக்காகக் கேக்கல."

"உன் வேலை அவ்ளோ சுத்தம்க்கா. அலமாரியில இருந்தது உனக்கே தெரியலையே!"

சிரித்தான். பாராட்டுகிறானாம்!

போனை வைத்துவிட்டேன். என் கையைக் கொண்டே என் கண்ணைக் குத்தியிருக்கிறான். தேயிலைச் சாயத்துக்கு நான் பட்ட பாடு — ஈயம் — பெயர் வேண்டாம் என்றது — எல்லாம் கணக்குப் போட்டுத்தானா? விமான நிலையத்தில் அழுதது எதற்கு? அப்போது அது அவன் பெட்டிக்குள் இருந்ததே.

ஜூன் 2

ஊசியைத் தொடவில்லை.

ஜூன் 15

பட்டறைக்கு மேலுள்ள அறைக்குக் குடிவந்துவிட்டேன். கட்டில், அடுப்பு, துறைமுகத்தைப் பார்த்த ஜன்னல். போதும்.

எதிர்க் காப்பிக்கடை இதால்வினா வந்து மூக்கைச் சிந்தினாள். "வயசானவளத் தனியா விட்டுட்டு வந்துட்டியேடி. ஊரு என்ன சொல்லும்?"

"சொல்லட்டும். போன பல்லையும் அந்த ஊரே வாங்கித் தரட்டும்."

ஞாயிறுதோறும் அம்மாவுக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பேசுகிறோம். வானிலை பற்றி.

ஜூலை 11

அப்பா பல்லின் அச்சு என்னிடம்தான் இருக்கிறது. அதிலிருந்து வார்த்துக் கடையில் வைத்தேன். படகுப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் கோழிச் சிறுமியைத்தான் பிடித்திருக்கிறது. ஒரு நார்வேக்காரர் சிறுமியின் பெயர் என்ன என்று கேட்டார். தெரியாது என்றேன்.

ஆகஸ்ட் 6

கடல் விழாக் கூட்டம். கடை நிறைய ஆட்கள். நடுவில் நோர்பெர்த்தோ. புதுச் சட்டை, கொஞ்சம் தொப்பை. நேற்று வந்தானாம்.

"அக்கா, முதலாளி அதை வேற யாருக்கோ குடுத்துட்டாரு. இனிமே போய்ப் பாக்கக்கூட முடியாது." குரல் இறங்கியது. "எனக்கு ஒன்னு செஞ்சு தர்றியா? நெசமாவே எனக்குத்தான்."

இந்த முறை உண்மையைத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். கண் பொய் சொல்லவில்லை.

விற்பனைத் தட்டிலிருந்து ஒரு கோழிச் சிறுமியை எடுத்துக் காகிதத்தில் சுற்றினேன்.

"இது போதுங்களா? பையில போட்டுத் தரட்டுங்களா?"

விளையாட்டு என்று சிரித்தான். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"அக்கா, என்னையா நீ 'ங்க' போட்டுப் பேசற?"

"பாத்துப் போங்க. வாசப்படி ஈரமா இருக்கு."

அவன் நின்றுகொண்டே இருந்தான். நான் அவனுக்குப் பின்னால் காத்திருந்த பிரெஞ்சுப் பெண்மணியிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன்.