பெரிய எழுத்தில் ஒரு பெயர்

சங்கரன்கோவில்,
4-5-1981

அன்புள்ள முத்துமீனாளுக்கு,

உன் கணவன் எழுதுவது. இங்கே நான் சுகம். நீ போட்டு வைத்துவிட்டுப் போன எலுமிச்சை ஊறுகாய் நேற்றோடு காலி. அண்ணன் மனைவிக்குப் பிரசவம் என்று கோயம்புத்தூர் போனாய். அந்தக் குழந்தை இப்போது நடக்கிறதாம், உன் அண்ணன் எழுதியிருந்தார். பிள்ளைக்கு என் ஆசீர்வாதம்.

இந்த வருஷமும் கோடைக் கலைவிழா உண்டு. 22ஆம் தேதி முதல் மூன்று நாள். செயலாளர் நான்தான், வேறு யாரும் அந்தப் பதவியைக் கேட்கவில்லை. முதல் நாள் வில்லுப்பாட்டு, கரகம். மறுநாள் பட்டிமன்றம்: இல்லறம் சிறக்க உதவுவது பேச்சா, மௌனமா? என்னை நடுவராக இருக்கச் சொன்னார்கள். ஒரு வருஷமாக ஒரு கட்சியைத்தான் தெரியும் என்று மறுத்துவிட்டேன். ஆமினாள் டீச்சர் நாடகம் போடுகிறார். எந்தப் பெற்றோருக்கும் மனவருத்தம் வரக் கூடாது என்று பதினாறு பிள்ளைகளை மரமாக நிறுத்தியிருக்கிறார். கண்காட்சியில் தறிச் சங்கத்துச் சேலைகள். போன வருஷம் போலவே ரசிகர்கள் விலை கேட்பார்கள்.

மூன்றாம் நாள் மாலை ஆறரைக்கு வீணை.

போன வருஷ நோட்டீஸில் 'வீணை: திருமதி நெல்லைநாயகம்' என்று என் பெயரைப் போட்டு எழுதிக் கொடுத்தது நான்தான். அச்சாபீஸ் தப்பு என்று ஊரெல்லாம் சொன்னேன், அதுவும் தப்பு. "அந்தப் பேருல யாரு இருக்காகளோ அவுகளே வந்து வாசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நீ வீட்டுக்கு நடந்தாய். அன்று தபால் ஆபீஸ் ஜெயசிங் கிடாரில் வாசித்ததையே திரும்பவும் வாசித்து மானத்தைக் காப்பாற்றினார்.

இந்தத் தடவை அச்சாபீஸ் பெத்துராஜிடம் நானே போனேன். அவனிடம் இருக்கிற பெரிய எழுத்து ஒரு பெயருக்குத்தான் வரும். வருஷாவருஷம் அது செயலாளருக்கு. "இந்தத் தடவை யாருக்கு அண்ணாச்சி, ஒங்களுக்கா, மதினிக்கா?" என்று கேட்டான். முத்துமீனாள் என்று எழுதிக் கொடுத்தேன். முன்னால் திருமதி போடணுமா என்றான். வேண்டாம் என்றேன். என் பெயர் பந்தல் உபயத்துக்கும் கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. கண்ணாடி போட்டால் தெரியும்.

விழாத் திடலுக்குப் பின் தெருவில் தறிச் சத்தம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். வீடு வீடாகப் போய்க் கேட்டேன். "கரண்டு ஆபீஸ்காரன் கேக்காமலே நிப்பாட்டுதான், நீரு கேட்டா நிப்பாட்ட மாட்டோமா வே" என்றார் வீரபாண்டி. ஆறரை முதல் ஏழரை வரை அங்கே ஒரு தறியும் ஓடாது.

வீணையில் ஒரு தந்தி அறுந்திருந்தது. மதுரையிலிருந்து புதிது வரவழைத்தேன். மாட்டத் தெரியவில்லை. உறைக்கு மேல் வைத்திருக்கிறேன்.

இத்துடன் நோட்டீஸ் ஒன்று. மற்றவை கட்டுப் பிரிக்காமல் இருக்கின்றன. உன்னைக் கேட்காமலே உன் பெயரைப் போட்டுவிட்டேன் என்பது அச்சான பிறகுதான் உறைத்தது. நீ சரி என்று எழுதினால்தான் ஊரில் ஒட்டுவேன். மனமில்லை என்றால் அதையும் எழுது. வேறு நோட்டீஸ் அடித்துக்கொள்கிறேன். ஆனால் தறிகளை ஓட்டச் சொல்ல மாட்டேன். அந்த ஒரு மணி நேரம் உன்னுடையது.

மதுரையில் இறங்கினால் செங்கோட்டை வண்டி இருக்கிறது. எந்த நாள் என்று எழுது, ஸ்டேஷனில் நிற்பேன். கோமதியம்மன் உனக்குத் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
திரு. முத்துமீனாள்