என்னைக் கேட்காமல் அளந்த வீடு

என் மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். கோபத்தை வியாதிக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் நானும் அப்பாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே என்று வழக்கம்போல் எழுத இந்த முறை கை வரவில்லை, ஏன் என்று உனக்கே தெரியும், தெரியாததுபோல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் குரலை உயர்த்தினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் சொல்ல வந்ததை மறந்துவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன், பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து நீ அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறாய். காகிதத்தில் நான் முடிக்கும்வரை நீ நடுவில் புக முடியாது. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவது அப்பாவின் வேலை. அவர் செய்த காரியத்துக்கு அதையாவது செய்யட்டும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குப் பாதிதான் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை, என்னிடம் கார் ஓட்டக் கற்கிற பல் டாக்டருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊரார் வாய்க்குள் எல்லாம் கண்ணாடி விட்டுப் பார்க்கிற மனுஷன், காரில் இருக்கிற கண்ணாடியை மட்டும் பார்க்கமாட்டேன் என்கிறார். என் பக்கம் இருக்கிற இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து முழங்கால் வீங்கி, வகுப்பைப் பாதியில் முடித்து அவரை இறக்கிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால், படுக்கை அறையில் முன்பின் தெரியாத ஒரு ஆள் மண்டி போட்டு என் பீரோவை அளந்துகொண்டிருக்கிறார். நான் போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த டேப் தானாகச் சுருண்டு உள்ளே போய்விட்டது. யாரய்யா நீ என்றால், "பேக்கிங் கம்பெனிம்மா, உங்க பொண்ணு போன்லயே எல்லாம் சொல்லிட்டாங்க, பச்சை ஒட்டினது கப்பல்ல வரும், சிவப்பு ஒட்டினது இங்கயே வித்துடலாம்" என்கிறார். திரும்பிப் பார்த்தால் கட்டிலில் சிவப்பு, சாப்பாட்டு மேஜையில் சிவப்பு, நான் துணி தைக்கிற மிஷினில் சிவப்பு. சுவரில் மாட்டியிருக்கிற உன் கல்லூரிப் போட்டோ ஒன்றில்தான் பச்சை. ஒரு நிமிஷம் எனக்கு இது என் வீடுதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

அப்பா எங்கே என்று தேடினால் குளியலறையில் குழாய் திறந்திருக்கிறது, ஆனால் தண்ணீர் ஊற்றிக் குளிக்கிற சத்தம் இல்லை. கதவைத் தட்டினேன். "குளிக்கிறேன்" என்றார். காலையில்தானே குளித்தீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து உலர்ந்த சட்டையோடு, தேள் கொட்டிய திருடன் மாதிரி வாயைத் திறக்காமல் வெளியே வந்தார். நான் விடவில்லை. கடைசியில், "நம்ம ரெண்டு பேரையும் அங்கேயே கூட்டிக்கப் போறா, அவதான் உன்கிட்ட இப்போ சொல்ல வேண்டாம்னா, பக்குவமா நேரம் பார்த்து சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். பீரோ கப்பல் ஏறிய பிறகு பக்குவமான நேரம் வருமோ? நாங்கள் இருவரும் குளியலறை வாசலில் இப்படி நின்றுகொண்டிருந்தபோது அந்த ஆள் சும்மா இருந்தாரா என்றால் இல்லை, தெருவுக்கே போய் என் காரின் முகப்பில் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டு வந்திருக்கிறார். என் காரில்! இந்தத் தெருவில் கார் ஓட்டுகிற பெண்களில் பாதிப் பேர் அந்தக் காரில் பழகியவர்கள். அந்தச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தேன், பெயிண்ட்டும் கொஞ்சம் கூடவே வந்தது. அவரைத் திட்டி என்ன பயன், அவர் கூலிக்கு வேலை பார்க்கிறவர். தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

அதோடு முடிந்ததா? மத்தியானம், வாடகை வாங்க மட்டும் வருகிற வீட்டுக்காரர் வந்தார், பின்னாலேயே வீட்டை விலைக்குப் பார்க்க ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அந்தப் பெண் செருப்போடு நேரே என் சமையலறைக்குள் போய் அலமாரியைத் திறந்து பார்த்து, "இந்த சுவரை எடுத்துட்டா கிச்சன் பெருசா தெரியும்ல" என்று அவனிடம் சொல்கிறாள். நான் அங்கேயேதான் நிற்கிறேன், கையில் கரண்டியோடு. வீட்டுக்காரரிடம் கேட்டால், "உங்க மகதானே போன் பண்ணி அடுத்த மாசம் காலி பண்றோம்னு சொன்னாங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். தெரியாது என்று சொன்னால் வெட்கம், தெரியும் என்று சொன்னால் வீடு போய்விடும். நான் வெட்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். தெரியாது, நாங்கள் காலி செய்யவில்லை, என் அலமாரியை மூடச் சொல்லுங்கள் என்றேன். அந்தப் பெண் மூடாமலே போனாள்.

இப்போது சொல், இது என்ன நியாயம்? இண்டிகேட்டர் போடாமல் வண்டியைத் திருப்புகிறவர்களை நான் முதல் வகுப்பிலேயே இறக்கிவிடுவேன், நீ எங்கள் இரண்டு பேர் வாழ்க்கையையும் அப்படித் திருப்பப் பார்த்தாய். நீ அந்த ஊருக்குப் போகிறேன் என்றபோது நான் என்ன செய்தேன் என்று நினைத்துப் பார். போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னேனா? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று மட்டும் சொன்னேன். முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் அந்த அறையை யாரையாவது நேரில் பார்க்கச் சொல், அசல் சான்றிதழை யார் கையிலும் கொடுக்காதே, மாத்திரைகளைச் சீட்டோடு எடுத்துப் போ, முதல் சம்பளம் வரும்வரை கைச்செலவுக்குத் தனியாக வைத்துக்கொள் என்று ஒவ்வொன்றாக உன்னோடு உட்கார்ந்து பேசினேன். எதையும் உன் முதுகுக்குப் பின்னால் செய்யவில்லை. பதிலுக்கு நீ எங்களுக்காக என்ன யோசித்தாய்? அங்கே வண்டி ஓடுவது சாலையின் மறுபக்கம், இங்கே வாங்கிய லைசென்ஸ் செல்லாது. ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் இந்த வயதில் எல் போர்டு மாட்டிக்கொண்டு எவனோ ஒருவன் பக்கத்தில் உட்கார வேண்டும், அதையாவது யோசித்தாயா? அப்பாவின் இதய மாத்திரை அங்கே என்ன பெயரில் கிடைக்கும், வெளிநாட்டுக் கிழவனுக்கு எந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்று விசாரித்தாயா? நீங்கள் இருவரும் வேலைக்குப் போனபின் பாஷை தெரியாத ஊரில் ஒன்பதாவது மாடியில் நாங்கள் யாரோடு பேசுவது, லிப்டோடா? கப்பலில் எந்தப் பெட்டி வரும் என்பதை மட்டும் மிகச் சரியாக யோசித்திருக்கிறாய்.

மறுநாள் வகுப்புக்கு வந்த பல் டாக்டர் என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார், நானும் கொட்டிவிட்டேன். அவருடைய அம்மாவை அவர் அண்ணன் இப்படித்தான் வீட்டைக் காலி செய்து வெளிநாட்டுக்கு அழைத்துப் போனாராம். அந்த அம்மா நாள் முழுவதும் ஜன்னலருகே உட்கார்ந்து கீழே கார் நிறுத்துகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாராம், எந்தக் கார் எப்போது வரும், எப்போது போகும் என்று அவருக்கு அத்துப்படியாம். "அங்க அவங்களுக்கு எல்லாமே இருந்துச்சு மேடம். காலைல எழுந்தா போறதுக்கு ஒரு இடம் மட்டும் இல்ல" என்றார். திரும்பி வரலாம் என்றால் வர வீடு இல்லை, விற்றாயிற்று. அதைக் கேட்டபோதுதான் என் கோபத்துக்குள் பயமும் இருந்தது எனக்கே தெரிந்தது.

அன்றைக்கு உனக்குப் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன், மாப்பிள்ளை எடுத்தார். உன்னை விட்டுவிட்டு அவரைக் கேட்பது தப்புத்தான், ஆனால் அவர் குரல் அடிபட்டதுபோல் இருந்தது. அவள் எங்கே என்றால் தூங்குகிறாள் என்றார். அங்கே அப்போது பட்டப்பகல். வேலைநாளில் பகலில் என்ன தூக்கம் என்றேன். தம்பி, என்னிடம் மறைத்தால் நான் இன்றைக்கே விமானம் ஏறுவேன் என்றேன். "வந்துடுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டார். "அவளுக்கு அஞ்சாவது மாசம். டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நான் வேலைக்கு போனா அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்து கொடுக்க ஆள் இல்ல. லீவு போட்டு போட்டு இனிமே கேட்டா வேலையே போயிடும். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா" என்றார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா ஓடி வந்து என்ன என்ன என்கிறார், நான் போனை அவர் கையில் கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நீ அதற்கும் மேலே போய்விட்டாய்.

போன முறை உண்டானதை எல்லாரிடமும் சொல்லி, பிறகு அது தங்கவில்லை என்று ஒவ்வொருவரிடமும் திரும்பச் சொல்ல வேண்டியிருந்ததே, அந்த வலி எனக்குத் தெரியும். அதனால் ஊருக்குச் சொல்லவில்லை என்றால் சரி. நான் ஊரா? நல்ல சேதி மட்டும் கேட்டுவிட்டுப் போக நான் என்ன உன் வீட்டு விருந்தாளியா? போன முறையும் விசா வாங்கி, துணியை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன், வேண்டாம்மா நானே சமாளித்துவிட்டேன் என்று நிறுத்திவிட்டாய். எப்படிச் சமாளித்தாய் என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது எல்லாரும் சொல்வார்கள், நான் சொல்லமாட்டேன், நீ சொல்லியிருக்க வேண்டும். இந்த முறை என்ன செய்திருக்கிறாய் பார், எனக்கு நீ வேண்டும் அம்மா என்று கேட்கக் கூச்சப்பட்டு, உங்கள் வயதான காலத்துக்காகத்தான் கூப்பிடுகிறேன் என்று எங்களுக்கு உபகாரம் செய்வதுபோல் ஏற்பாடு பண்ணியிருக்கிறாய். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டதில் என் மூக்கு உடைந்ததுதான் மிச்சம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு பையோடு வந்திருப்பேனே, அதற்காக ஒரு வீட்டையே கட்டித் தூக்க வேண்டுமா?

கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. நான் இல்லாதபோது என் மாணவர்களை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்ததும், அடுத்த தெரு டிரைவிங் ஸ்கூல்காரரிடம் போனேன். ஆமாம், அவரேதான், என் போர்டின் மேல் தன் போஸ்டரை ஒட்டினாரே, நாங்கள் எதிரெதிரே வந்தால் ஹாரன்கூட அடித்துக்கொள்ளமாட்டோம். அவர் கடைப் படிவரை போய் ஒருமுறை திரும்பி வந்தேன், பிறகுதான் ஏறினேன். மகளுக்கு உடம்பு சரியில்லை, என் பிள்ளைகளைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீங்க என்கிட்ட வந்து கேப்பீங்கன்னு நான் நினைச்சதே இல்ல. போயிட்டு நிதானமா வாங்க, ஒருத்தரையும் என் பக்கம் இழுக்க மாட்டேன்" என்றார். எனக்கு மானம் போகவில்லை. வீடு திரும்பும்போது அவர் காரைப் பார்த்து முதல்முறையாக ஹாரன் அடித்தேன். வீட்டுக்காரரையும் பார்த்துப் பேசிவிட்டேன், வீடு எங்களுக்குத்தான், அந்தச் சுவரும் இடிபடாது.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன், இது உன்னைக் கேட்டு எடுத்த முடிவு இல்லை, அந்த வித்தையை உன்னிடம்தான் கற்றேன். போன முறை வாங்கிய விசா இன்னும் செல்லும். ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறேன், நான் மட்டும். திரும்பி வருகிற டிக்கெட்டையும் சேர்த்தே வாங்கியிருக்கிறேன், தேதியை மாற்றலாமாம், குழந்தை பிறந்து நீ எழுந்து நடமாடும்வரை மாற்றிக்கொண்டே இருப்பேன், ஆனால் அந்த டிக்கெட் என் பையில் இருக்கும். அப்பா இங்கேயே இருப்பார். வீட்டைக் காலி செய்ய அவ்வளவு அவசரப்பட்டவர் அதைக் காவல் காக்கட்டும், சமைக்கவும் கற்றுக்கொள்ளட்டும், நேற்று குக்கரில் தண்ணீர் ஊற்றாமல் வைத்துத் தெருவையே கூட்டிவிட்டார். குழந்தை பிறக்கும் சமயத்துக்கு அவரும் வருவார், அதற்குள் அவர் மாத்திரை விஷயத்தை மாப்பிள்ளை விசாரித்து வைக்கட்டும். எனக்கென்று புதுக் கட்டில், புதுக் கோட்டு எதுவும் வாங்க வேண்டாம். உன் அறையிலேயே தரையில் படுத்துக்கொள்கிறேன். உங்கள் காரில் என்னை முன்சீட்டில் உட்கார வைக்காதீர்கள், பிரேக் இல்லாத பக்கம் எனக்குப் பழக்கமில்லை, மாப்பிள்ளையைப் பயமுறுத்திவிடுவேன். அவரைத் திட்டாதே, சத்தியத்தை மீறினாரே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. இந்தக் குடும்பத்தில் இந்த மாதம் சரியான காரியம் செய்தவர் அவர் ஒருவர்தான்.

இவ்வளவு எழுதியும் கோபம் தீரவில்லை, மிச்சத்தை நேரில் வைத்துக்கொள்கிறேன், உன் பக்கத்தில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டே திட்டினால்தான் எனக்குத் திருப்தி. நீயும் உன் வயிற்றில் இருக்கிற சின்ன உயிரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், நீண்ட காலம் இருக்க வேண்டும், என்னோடு சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பாக இருக்க வேண்டும். வலித்தால் வலிக்கிறது என்று சொல், பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். ஒன்றை மட்டும் மறக்காதே, திங்கட்கிழமை நான் வந்து நிற்கும்போது எழுந்து வந்து கதவைத் திறக்காதே. சாவியை விமான நிலையத்துக்கு வருகிற மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடு. நானே திறந்துகொண்டு வருகிறேன்.

கோபத்தோடும் முத்தத்தோடும்,
உன் அம்மா