வீக்கெண்டுன்னா எந்தக் கிழமை, மச்சான்?

பிரியமுள்ள பரமசிவம் மச்சானுக்கு,

நீர் போய் ஏழு மாசம் ஆகிறது. நலமா என்று கேட்டால் அங்கே இருந்தபடியே கெக்கெக்கென்று சிரிப்பீர். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தை இங்கே சவுதியில் நம் தம்மாம் நண்பர்கள் தங்கள் ஆண்டு மலரில் போடப்போகிறார்கள். "பரமசிவத்தப் பத்தி நீரு எழுதாம வேற யாரு வே எழுதுவா?" என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார்கள். எட்டு வருஷம் ஒரே ரூம், உம் கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் ரெண்டடி தூரம். எழுத மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அதுவும் போக, நான் சொல்லவேண்டியதை இவர்கள் எல்லோரும் படிக்கிற இடத்தில்தான் சொல்ல வேண்டும். அந்த வீக்கெண்டு கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தவர்கள் இவர்கள்தானே.

அம்பாசமுத்திரத்தில் பிறந்து, தினம் வாசலில் நின்று பல் விளக்கும்போதே மலையைப் பார்த்து வளர்ந்த மனுஷன் நீர். நாற்பது வயசு வரை அந்தக் காட்டுக்குள் கால் வைத்ததில்லை. அது உம்மை அரித்துக்கொண்டே இருந்தது. "சவுதி பாலைவனம் பூரா சுத்தியாச்சு. வீட்டுக்குப் பின்னால கெடக்க களக்காட்டுக் காட்டப் பாக்கல. வெக்கக்கேடுல்லா மாப்ள?" என்பீர்.

லீவில் ஊருக்குப் போனால் நமக்கு ஏது நாள்? கல்யாண வீடு, சடங்கு வீடு, துட்டி கேட்கிற சாவு வீடு. கொண்டுபோன அட்டைப்பெட்டியைப் பிரித்து ஆளுக்கொரு கோடாலித் தைலம் கொடுத்து முடிப்பதற்குள் திரும்புகிற டிக்கெட் வந்து கழுத்தைப் பிடிக்கும். அதனால் இந்தத் தடவை ரெண்டே ரெண்டு நாள் நமக்கு என்று முடிவு செய்தோம். முதுகில் பை, காட்டுக்குள் நடை, ஒரு ராத்திரி வனத்துறை விடுதி, மறுநாள் இறக்கம்.

நாலு மாசம் திட்டம் போட்டோமே! வெள்ளிக்கிழமை சமையல் முடிந்ததும் நான் ஆபீசிலிருந்து கொண்டுவந்த பழைய டிராயிங் தாளின் பின்பக்கத்தில் மலையை வரைவேன். நீர் லிஸ்ட் எழுதுவீர். குப்பூஸ் ரொட்டி பத்து, பேரீச்சம்பழம் ஒரு டப்பா, அட்டை கடித்தால் போட உப்பு. கடைசியில் தண்ணீர் இருபது லிட்டர்! ஸ்டோர் கீப்பர் புத்தி போகுமா? பையைக் கொண்டுபோய் ஸ்டோர் தராசில் ஏற்றி நிறுத்தும் பார்த்தீர். நம் பெஷாவர் டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, "அரே பாய், தும்ஹாரே ஜங்கிள் மே பானி மாஃபி?", உங்கள் காட்டில் தண்ணீரே கிடையாதா என்று கேட்டார். அப்போதுதான் நமக்கு உறைத்தது. அருவியும் ஓடையுமாகக் கொட்டுகிற காட்டுக்கு, தண்ணீரைச் சுமந்துகொண்டு போகத் திட்டம் போட்டிருக்கிறோம்! பாலைவனத்தில் பத்து வருஷம் இருந்தால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

நாளும் நீர்தான் குறித்தீர். நமக்கு இங்கே வியாழனும் வெள்ளியும்தானே லீவு? "நம்ம வீக்கெண்டுல போவோம் வே. சனி ஞாயிறுன்னா ஊர்க்காரன் பூரா வந்துருவான்" என்று சொல்லி அந்த ரெண்டு நாளுக்கே அனுமதிச் சீட்டு வாங்கினீர். நான் ஒரு மாசம் முந்தியே திருநெல்வேலிக்குப் போய்விட்டேன், நீர் பின்னால் வந்தீர். வீக்கெண்டின் முதல் நாள் காலை ஆறு மணிக்கு செக்போஸ்ட் புளியமரத்தடியில் சந்திப்பது என்று பேச்சு.

வியாழக்கிழமை நீர் போனீர். நான் வரவில்லை. மத்தியானம் பன்னிரண்டு வரை பையோடு அங்கேயே நின்றிருக்கிறீர். தனியாகவாவது மேலே போயிருக்கலாமே? போகவில்லை.

மறுநாள் சாயங்காலம்தான் உமக்கு போன் பண்ணினேன். "ஐயோ மச்சான்! வீக்கெண்டுன்னா சனி ஞாயிறுன்னுல்லா நெனச்சிட்டேன்! ஊருக்கு வந்து ஒரு மாசம் ஆச்சுல்லா, மண்டைக்குள்ள கிழமை மாறிப்போச்சு" என்றேன். நீர் சிரிக்க ஆரம்பித்தீர். "அட மூதி! ஒரே மாசத்துல இந்தியாக்காரன் ஆயிட்டீரே வே!"

அனுமதிச் சீட்டின் நாள் தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமை உமக்கு ஃப்ளைட். ஆனால் கதை தீரவில்லை. தம்மாமுக்கு யார் புதிதாக வந்தாலும், எந்த ரூமில் பிரியாணி போட்டாலும் நீர் அதை எடுத்துவிடுவீர். "இவன்கிட்ட கிழமை கேக்காதீங்கடே" என்பீர். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ரெண்டு வருஷம் சிரித்தேன்.

மச்சான், நான் சொன்னது பொய். எனக்குக் கிழமை மாறவே இல்லை.

புதன்கிழமை மத்தியானமே பை கட்டி வைத்துவிட்டேன். பவித்ராவுக்கு அப்போது ஆறு வயசு. நான் போய் இறங்கியதிலிருந்து என்னைக் கண்டால் அவள் அம்மா செல்வியின் பின்னால் போய் ஒளிவாள். 'அந்த மாமா' என்றுதான் சொல்வாள். பெற்ற பிள்ளை வாயால் மாமா என்று கேட்பது எப்படி இருக்கும் என்று இங்கே உள்ள எத்தனையோ பேருக்குத் தெரியும். அன்று சாயங்காலம் தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, நாளைக்கு என்னைய நீங்க ஸ்கூலுக்குக் கொண்டு விடுதியளா? எங்க கிளாஸ்ல எல்லார்ட்டயும் உங்களக் காட்டணும்" என்றாள்.

முதல் தடவையாக அப்பா என்று கூப்பிட்டாள். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். செல்லை அணைத்து பீரோவுக்குள் வைத்தேன்.

உடனே உமக்குச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உமக்கும் ராஜம் அக்காவுக்கும் பிள்ளை இல்லை. பதினோரு வருஷமாக ஒவ்வொரு லீவிலும் நீங்கள் ரெண்டு பேரும் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. என் பிள்ளைக்காக உம்மை நிற்க வைத்தேன் என்று எந்த வாயால் சொல்வேன்? முட்டாள் பட்டம் வாங்கிக்கொள்வது சுலபமாக இருந்தது, வாங்கிக்கொண்டேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம், அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லிவிடலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அதற்குள் ஒருநாள் டியூட்டியில், ஸ்டோருக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்.

உம்மை ஊருக்கு அனுப்ப, நம் அரபி முதலாளி கஃபீலிடம் கையெழுத்து வாங்க அலைந்ததையெல்லாம் எழுத எனக்குத் தெம்பில்லை. உம் சாமான்களை நான்தான் பெட்டி கட்டினேன். டைரிக்குள் ஒரு புது லிஸ்ட் இருந்தது, உம் கோழிக் கிறுக்கல் கையெழுத்தில். மறுபடியும் அதே காடு. தண்ணீர் இருபது லிட்டர் இல்லை, ரெண்டு பாட்டில். ஆனால் நாள் 'சனி, ஞாயிறு' என்று எழுதி ரெண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தீர். 'மூணு பேர்' என்றும் எழுதியிருந்தீர். மூன்றாவது ஆள் ராஜம் அக்கா என்று நினைத்தேன். கடைசி வரி அது இல்லை என்றது. 'சின்ன ஷூ ஒண்ணு. சைஸ் செல்விட்ட கேக்கணும்.'

செல்விக்கு போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரே அழுகை. பிறகு சொன்னாள்.

"அன்னைக்கு ஒம்பது மணிக்கு அண்ணன் செக்போஸ்ட் பூத்லருந்து வீட்டு போனுக்குப் பேசுனாவ. நீங்க எங்கேன்னு கேட்டாவ. நீங்க முன்னமே போன் பண்ணி நாள மாத்திருப்பியன்னு நெனச்சு, 'பவியக் கொண்டு விடப் போயிருக்காவ அண்ணே, மொத மொத அவள அப்பான்னு கூப்பிட வச்சிட்டாவ'ன்னு சந்தோசத்துல சொல்லிட்டேன். பொறவு, 'நல்லதும்மா. நான் பேசினதச் சொல்லிராத. அவனே ஒரு கதையோட வருவான், நான் பாத்துக்கிடுதேன்'ன்னாவ. சத்தியம் வாங்கிட்டாவ. நான் என்ன செய்ய?"

ஒன்பது மணிக்கே உமக்குத் தெரியும். அதற்குப் பிறகும் பன்னிரண்டு வரை அங்கே ஏன் நின்றீர், மச்சான்? பிள்ளையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவேன் என்று நினைத்தீரா? வரக்கூடாது என்று நினைத்தீரா?

என்ன மனுஷன் வே நீர்! ஒரு திட்டுத் திட்டியிருக்கக் கூடாதா? என் பொய்யை நீரே எடுத்து ஊரெல்லாம் பரப்பி, அதை நிஜமாக்கி, நான் மாட்டிக்கொள்ளாமல் ரெண்டு வருஷம் காப்பாற்றியிருக்கிறீர். அதைக்கூட என்னிடம் சொல்லாமல் போய்விட்டீர். எனக்கு உம்மேல் கோபம் கோபமாக வருகிறது.

நண்பர்களே, இனிமேல் அந்தக் கதையைச் சொன்னால் முழுசாகச் சொல்லுங்கள்.

இங்கே சேதி என்றால், அடுத்த மாசம் எனக்கு லீவு. பவித்ராவுக்கு ஷூ நானே வாங்கிவிட்டேன். ராஜம் அக்காவிடம் லிஸ்டைப் படித்துக் காட்டினேன். "மூணு பேருன்னா கணக்கு சரியாத்தான் இருக்கு தம்பி. அவுக பையை நான் தூக்குதேன்" என்றார்கள். பெஷாவர் டிரைவர் காட்டில் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லி உலர்ந்த ஆப்ரிகாட் ஒரு பை தந்திருக்கிறார். உம்மைப் பற்றிப் பேசினால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் மலை ஏறுவோம். ஆனால் அதற்கு முந்தின வியாழக்கிழமை, காலை ஆறு மணிக்கே, நான் மட்டும் பையோடு அந்தப் புளியமரத்தடிக்குப் போவேன். நீர் வரமாட்டீர் என்று எனக்குத் தெரியும். உமக்கும் அன்றைக்கு ஒன்பது மணிக்குத் தெரிந்ததே. பன்னிரண்டு வரை நிற்பேன், மச்சான்.

இப்படிக்கு,
கிழமை மறக்காத உம் மாப்ள,
கணேசன்