கடுகுக்குள் ஒரு ரப்பர் ரிங்

தை 9, வெள்ளி

காலையில் பனி. பத்து மணிக்கே வெயில். மிளகாய் காயப் போட்டேன்.

இவர் சிகரெட்டுக்குப் பதிலாக இழுக்கிற புகை மிஷின் மறுபடி ஒழுகல். ஆப்பிரிக்காவுக்கு போர்வெல் ரிக் ஓட்டப் போனபோது வாங்கி வந்தது. வலது கையில் மூன்று விரலை அங்கே பைப்புக்குக் கொடுத்துவிட்டு இதைக் கொண்டு வந்தார். திருகித் திறக்க அவர் கையால் ஆகாது. அதன் டேங்கில் மாம்பழ வாசனைத் தண்ணியை ஊற்றி மூடுவது என் வேலை.

நனைந்த சட்டைப் பையை என் முகத்தில் வைத்துத் தேய்த்தார். எங்கள் கார் டிரைவர் முன்னால்.

"மோந்து பாரு. ஒரு சொட்டு ஒழுகாம ஊத்தத் துப்பில்ல. இவளெல்லாம் ஒரு பொம்பள."

டிரைவர் சிரித்தான். உதட்டில் பட்டது கசப்பு. மதியம் வரை தலை சுற்றல்.

தை 11, ஞாயிறு

ஊற்றப் பழகிவிட்டேன். மறக்காமல் இருக்க:

– சாய்த்துப் பிடித்து ஓரமாக. நடுக் குழாயில் விழுந்தால் போச்சு.
– முட்ட முட்ட வேண்டாம்.
– அடி ரப்பர் ரிங் முக்கியம். வெடித்திருந்தால் மாற்று.
– மூடிப் பத்து நிமிடம் நிறுத்து. பஞ்சு ஊறணும்.

இரண்டு நாளாக ஒரு சொட்டு இல்லை. ஒரு நல்ல வார்த்தையும் இல்லை.

புதன்கிழமை நித்யாவுக்குப் பூ வைக்க வருகிறார்கள். மாப்பிள்ளை அசோக், சேந்தமங்கலம், அவளோடு படித்தவன். மூன்று வருடம் அழுது இவரைச் சம்மதிக்க வைத்தாள் என் மகள். அந்த வீட்டில் பீடி, சிகரெட் ஆகாது. "நான் எல்லாத்தையும் உட்டுட்டேனுங்க" என்று இவர் போனில் சத்தியம்.

தை 13, செவ்வாய்

கதம்பம் சொல்லியாச்சு. வாழை இலை நூறு வந்தது.

வெடித்த பழைய ரிங்கைத் தேடி எடுத்து மாட்டினேன். புதியது அஞ்சறைப் பெட்டியில், கடுகுக்குள். நாளை வெள்ளைச் சட்டை. பையில் மிஷின். சம்பந்தி முன்னால் கறை மெதுவாகப் பரவும், மாம்பழ வாசனையோடு. நினைத்ததும் சோறு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது.

பூ வைத்த பெண்ணை யாரும் விட மாட்டார்கள். மானம் போவது இவருக்கு மட்டும்.

தை 14, புதன்

எழுதக் கை வரவில்லை.

பூ வைத்தாயிற்று. அடுத்து அவர்கள் கொண்டுவந்த பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு நித்யா சபைக்கு வரணும். சேலைத் தட்டு அவள் அறையில். இவருக்குப் பொறுக்கவில்லை, அங்கே போய்ப் புகை இழுத்திருக்கிறார். ஆள் வரும் சத்தம் கேட்டதும் மிஷினைச் சேலை மடிப்பில் சொருகிவிட்டார். நானோ சபையில் இவர் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்தே இருந்தது.

அசோக்கின் அம்மா ஒரு கையில் சேலையும் ஒரு கையில் மிஷினுமாக வெளியே வந்தார். உள்ளங்கை அகலக் கறை.

"பொண்ணு ரூம்புல இருந்துச்சுங்க. யாருதுங்க இது?"

இவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கைல இதைத் தொறக்கக்கூட முடியாதுங்க. காலேஜுல பழகியிருப்பாளுங்க. நான் கேக்கறனுங்க."

எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். பிறகு நித்யாவை.

"என்னோடது இல்லீங்க அத்தை." இரண்டு தடவை சொன்னாள்.

நான்தான் ஊற்றுகிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்படியென்றால் ஏன் ஒழுகியது என்று இவர் கேட்பார், ரிங்கை மாற்றியது வெளியே வரும். விழுங்கிவிட்டேன். பாவி நான்.

அசோக் தரையைப் பார்த்தான். அவன் அம்மா நித்யா தலையிலிருந்த பூவைத் தன் கையாலேயே எடுத்தார். சாப்பிடாமல் போய்விட்டார்கள்.

தை 15, வியாழன்

பனி. இலைக்கட்டு பிரிக்காமலே வாடுகிறது. இவர் நன்றாகத் தூங்கி எழுந்து மிஷினை நீட்டினார். "ஊத்து."

புது ரிங் போட்டு ஊற்றினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

நித்யா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"கடுகுக்குள்ள எதுக்கும்மா ரிங்கு கெடந்துச்சு?"

எண்ணெய் காய்ந்திருந்தது. கடுகைப் போட்டேன். வெடிக்கிற சத்தத்தில் கேட்காத மாதிரி நின்றேன்.