கிராணி எழுதின வயசு

என்னங்க,

நீங்க திரிங்காப்பு ஊருக்கு முட்டைக்கோஸ் ஏத்தப் போறப்ப இந்தக் கடுதாசி லோரி சீட்டுல இருக்கும். உங்க முகத்தப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரல.

புள்ளைய மண்ணுல வச்சு இன்னிக்கு ஒன்பது நாளாச்சு. வயித்துப் புள்ளையோட உன்னக் கொழுந்தெடுக்க அனுப்பினது என் தப்புன்னு அன்னையிலேருந்து சொல்லிக்கிட்டே இருக்கீங்க. அது இல்லங்க.

எனக்குப் பொறப்பு சூரா பத்திரம் எடுத்தப்பவே அஞ்சு வயசு. எஸ்டேட்டு ஆபீஸ்ல கணக்கெழுதற கிராணி அந்த வருஷத்தையே நான் பொறந்த வருஷமா எழுதிட்டாரு. அடையாள அட்டை, ஐசியிலயும் அதுதான். நீங்க பொண்ணு பார்க்க வந்தப்ப, உங்களவிட ரெண்டு வயசு மூத்தவன்னு தெரிஞ்சா வேணாம்னுடுவீங்கன்னு அப்பா வாயத் திறக்க விடல. எனக்கு முப்பத்தெட்டு இல்ல, நாப்பத்திமூணு.

கிளினிக்குல நமக்கு முன்னாடி இருந்த அக்காவுக்கு நாப்பத்திரெண்டு. முப்பத்தொன்பதாவது வாரமே அவங்களுக்கு வலி வரவைக்க நாள் குடுத்துட்டாங்க. நாப்பது தாண்டினா நஞ்சுக்கொடி சீக்கிரம் தளர்ந்துடுமாம், காத்திருக்கக் கூடாதாம். "உங்களுக்கு முப்பத்தெட்டு வயசுதானே, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்லா"ன்னு நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்க. நீங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தீங்க. நான் தலையாட்டினேன்.

அந்த வாரத்துலதான் புள்ள அசையறது நின்னுச்சு. நஞ்சுக்கொடி தளர்ந்துபோச்சுன்னுதான் டாக்டரும் சொன்னாரு.

நேத்து என் தலையத் தடவி, இன்னும் வயசிருக்கு, அடுத்த வருஷம் பார்ப்போம்னு சொன்னீங்க.

அந்த வயசு ஐசியிலதாங்க இருக்கு.

உங்க வீட்டுக்காரி