யார் வீட்டுப் பாரி?

என் பாக்கியத்துக்கு,

நீ படிக்க நான் கேட்பதுதான் இத்தனை வருஷமும் நம் வழக்கம். இன்றைக்கு நான் எழுதுகிறேன், நீ கேள். ஆமாம், நானேதான் எழுதுகிறேன். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்புக்குப் போய்ப் படித்துவிட்டேன். ஒரு வரி எழுதி முடித்தால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் என்ன சுகமாக இருக்கிறது தெரியுமா? இலுப்பூர் பஸ்ஸா, குளத்தூர் பஸ்ஸா என்று பக்கத்தில் நிற்பவரை இப்போது கேட்பதில்லை. தெரிந்த பஸ்ஸைக்கூட ஒரு தடவை படித்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.

பெண்பிள்ளைகள் வீட்டு ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் உனக்குத்தான் எழுத வருகிறது. மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

ஒரு செய்தி. நிர்வாகக் குழுவில் உன் இடத்தில் என்னைப் போட்டுவிட்டார்கள். நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. மாதக் கூட்டத்துக்கு உன்னை மொபெட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவன்தானே நான்? உள்ளே என்ன பேசினீர்கள் என்று திரும்பும் வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவாய். பாதி காற்றில் போய்விடும். அந்தப் பாதியையும் இப்போதுதான் கேட்கிறேன்.

படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நீ பொறுத்துக்கொள். பதினெட்டு வயது முடிந்து குழந்தைகள் இல்லங்களை விட்டு வெளியே வந்த பிள்ளைகளும், பெற்ற வீட்டில் இருக்க முடியாமல் வந்த பிள்ளைகளும் தங்குகிற வீடுதான் அந்தப் பெண்பிள்ளைகள் வீடு. நம்ம ஊர் எல்லைக்குள், ரோட்டோரம் இருக்கிறது. இரண்டு வருஷம் இருக்கலாம். அதற்குள் ஒரு வேலையும் இருக்க ஓர் இடமும் தேடிக்கொள்ள வேண்டும். அதே கட்டிலுக்கு இன்னொரு பிள்ளை காத்திருக்கும் என்பதால் இந்தச் சட்டத்தைக் குறை சொல்லவும் முடியாது.

சங்கீதாவை ஞாபகம் இருக்கிறதா? ஆஸ்பத்திரியில் உன் கண்ணாடியின் கால் ஒடிந்தபோது நூல் சுற்றிக் கொண்டுவந்து மாட்டிவிட்டாளே, அவள்தான். இப்போது புதுக்கோட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கண்ணாடி போட்டவுடன் ஜனங்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவ்வளவு பிடித்துப்போன வேலை.

ஆனால் டவுனில் எந்த வீட்டிலும் அவளுக்கு இடம் கொடுக்கவில்லை. கூட யார் இருப்பார்கள் என்பார்கள். சொந்த ஊர் எது என்பார்கள். அதோடு பேச்சு நின்றுவிடும். டவுன்காரர்களை மட்டும் சொல்வானேன்? நம் பக்கத்து வீட்டு மல்லிகாவின் மகன் சிங்கப்பூர் போனதிலிருந்து மாடி அறை பூட்டித்தான் கிடக்கிறது. நீயே ஒரு தடவை கேட்டாய். ஊர் பேர் தெரியாத பிள்ளைகளையெல்லாம் மாடியில் ஏற்றச் சொல்கிறாயா என்று கேட்டுவிட்டாள். கொல்லைத் தண்ணீருக்காக உங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்த சண்டையோடு அதுவும் சேர்ந்துகொண்டது.

போன மாதக் கூட்டத்தில் சங்கீதா பேச்சு வந்தது. அவளுடைய இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. தலைவர் நல்ல மனுஷர், பேங்கில் மேனேஜராக இருந்தவர் என்று உனக்குத் தெரியும். அவரே அலைந்து திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையும் ஹாஸ்டலும் பிடித்து வைத்திருந்தார். புதன்கிழமை அவள் புறப்பட வேண்டும், வியாழக்கிழமை புதுப்பிள்ளை வரும் என்று முடிவானது. சங்கீதாவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். சரிங்க சார் என்றாள். அந்த மூக்குக்கண்ணாடிக் கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லோரும் எழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பதறிப்போய், "சார், ஊர்ல காப்புக் கட்டியாச்சேங்க" என்றேன்.

தந்திரம் என்று நினைக்காதே பாக்கியம். நிஜமாகவே பதறினேன். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கிற வரைக்கும் ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாதே. பகலில் எங்கே போனாலும் பொழுது சாய ஊருக்குள் வந்துவிட வேண்டுமே. அப்படியிருக்க ஒரு பிள்ளையைப் பெட்டியோடு அனுப்ப நாள் குறித்துவிட்டோமே!

"அது ஊர்க்காரங்களுக்குத்தானேங்கய்யா" என்றார் தலைவர்.

"அப்ப இந்தப் புள்ளைக யாருங்க?"

மடக்குவதற்காகக் கேட்கவில்லை. எனக்கே தெரியவில்லை, அதனால் கேட்டேன். குழுவில் ஆவூர்ப் பக்கத்து சிஸ்டர் ஒருவர் இருக்கிறாரே, அவர்தான் மெதுவாக, "எங்க ஊர்லயும் சர்ச்சுல கொடியேத்திட்டா அப்படித்தாங்க சார். தேரு முடியாம யாரும் நகர மாட்டாக" என்றார். புதுப்பிள்ளைக்கு என்ன வழி என்று கேட்டார் தலைவர். வருகிறவர்கள் வரலாம், போகத்தான் கூடாது என்றேன். குழுவில் இருக்கிற டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஆபீஸ் அறையில் இன்னொரு கட்டில் போட முடிவானது.

ஆனாலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. கோயிலில் பந்தல் வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்த ஊர்ப் பெரியவர் கருப்பையாவிடம் போய்க் கேட்டேன்.

"காப்புக் கட்டயில அந்தப் புள்ள எங்கிட்டு இருந்துச்சு?" என்றார்.

"இங்கிட்டுத்தான்."

"அப்பறம் என்னய்யா கேள்வி? காப்பு அவுக்குற வரைக்கும் பேசாம இருக்கச் சொல்லு."

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். ஆடு அவிழ்த்துக்கொண்டு மல்லிகாவின் முருங்கைக் கன்றுக்குப் போய்விட்டது. பிடித்துக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் சங்கீதா வீட்டுக்கு வந்தாள். "தாத்தா, ராத்தங்கக் கூடாதுங்கிறது எனக்கும் உண்டுன்னா, முளைப்பாரியும் உண்டுதானே?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

அம்மனுக்கு வருஷாவருஷம் நீ நவதானியம் முளைக்கப்போடுகிற பாரித் தட்டு பரண்மேல் இருந்தது. நீ போன துக்கம் என்று போன வருஷம் நம் வீட்டில் பாரி வைக்கவில்லை. இந்த வருஷமும் அதைத் தொட எனக்கு மனசு வரவில்லை. அவள் கேட்டதும் ஏறி எடுத்துத் துடைத்துக் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன்? நீ இருந்தாலும் கொடுத்திருப்பாய்தானே?

பாரி வளர்க்கிற அறை இந்த வருஷம் மல்லிகா பொறுப்பு. முதல் நாள் சங்கீதாவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அந்தப் பிள்ளை தினமும் கடை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் நேரே பாரிக்குத் தண்ணீர் தெளிக்கத்தான் போகும். பாரியைச் சுற்றி அடிக்கிற கும்மியில் கை தப்பும்போதெல்லாம், "கையத் தட்டு புள்ள, கண்ணாடியா தொடைக்கிற?" என்று மல்லிகா ஏசுவது தெருவுக்கே கேட்டது. முன்பின் தெரியாத பிள்ளையை அவள் அப்படி ஏச மாட்டாள். எனக்கு அப்போதே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

பாரி எடுத்துக் குளத்தில் விடப் போன அன்று நான் கரையில் நின்றிருந்தேன். உன் தட்டில் பயிர் மஞ்சளும் பச்சையுமாக நிமிர்ந்து நின்றது. வரிசையில் வந்த வெளியூர்க்கார அம்மா ஒருத்தி, யார் வீட்டுப் பாரி இது என்று சங்கீதாவைக் கேட்டாள். அவள் கால் நின்றுவிட்டது. வீடு கேட்டுப் போன இடமெல்லாம் அவளை நிறுத்திய கேள்வி அது.

முன்னால் போன மல்லிகா திரும்பக்கூட இல்லை. "தெரியலையா? பாக்கியத்தக்கா வீட்டுப் பாரி. இந்த ஊருப் புள்ளதான், நடங்க" என்றாள்.

உன் பேரை, அவள் வாயால்.

காப்பு அவிழ்த்த மறுநாள் காலையில் மல்லிகா வேலியோரம் வந்து நின்றாள். "அண்ணே, தண்ணிக்குச் சண்டை போட ஆளில்லாமக் கெடக்கேன். அந்தப் புள்ளைய எங்க மாடியில வந்து இருக்கச் சொல்லுங்க. வாடகைய நானும் அதுவும் பேசிக்கிறோம்" என்றாள். நான் தலைவருக்குப் போன் போட்டேன். அவள் வரவில்லை என்று திருப்பூருக்கு அவரே சொல்லிவிட்டார்.

இப்போது நம் முற்றத்தில் படுத்தால் மல்லிகா வீட்டு மாடி விளக்குத் தெரிகிறது. நேற்று மல்லிகாவுக்கும் சங்கீதாவுக்கும் தண்ணீருக்காகச் சண்டை. கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிஷம் நீதான் பேசுகிறாயோ என்று இருந்தது.

ஆனால் சங்கீதா ஒருத்திதானே? ஆபீஸ் அறையில் கட்டில் போட்டிருக்கிற பிள்ளைக்கும் ஒரு நாள் இரண்டு வருஷம் முடியும். அவளையும் எல்லோரும் சொந்த ஊர் எது என்று கேட்பார்கள். வரி கொடுக்கிற குடும்பம்தான் ஊர்க்குடும்பம் என்று ஊரில் எல்லாத் தலைக்கட்டிலும் கோயில் வரி கேட்கிறார்கள், பெண்பிள்ளைகள் வீட்டு வாசலுக்கு மட்டும் போனதே இல்லை. ஏன் என்று நாமும் இத்தனை நாள் கேட்கவில்லை.

அடுத்த காப்புக்கு முன்னால் கருப்பையாவை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தி வரி கேட்க வைக்கிறேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. கூட்டத்தில் உன் நாற்காலியைக் காலியாக விட மாட்டேன். உன் தட்டைக் கழுவிக் கீழேயே வைத்திருக்கிறேன், பரணில் ஏற்றவில்லை. எந்தப் பிள்ளை வந்து கேட்டாலும் கொடுப்பேன்.

கைநாட்டு வைக்காமல், கையெழுத்துப் போட்டு,
உன் வீட்டுக்காரன்
சின்னையா